நாட்டுக்கு மார்க், ஊருக்கு?

(கேள்விகள்: மேலநீலிதநல்லூர் வாசகர்)

தொழில்நுட்பத்தை ஓர் அரசு எப்படிக் கையாளுகிறது என்று அளக்க முடியுமா?

அளந்து மார்க்கே போட்டுவிட்டார்கள்! ஐ.நா.வின் 2024 மின் ஆளுமைப் பட்டியலில் 193 நாடுகள். டென்மார்க் 1, இந்தியா 97. இணையச் சேவை, தொலைத்தொடர்பு வசதி, மக்களின் கல்வி மூன்றுக்கும் சம மதிப்பெண். சேவையில் நன்றாக வாங்குகிறோம். கல்வியில் கோட்டை விடுகிறோம். கணினி வாங்கினால் மட்டும் போதாது, பள்ளிக்கூடமும் வேண்டும்.

புதுமை படைப்பதிலாவது தேறுவோமா?

உலகப் புத்தாக்கக் குறியீட்டில் 2015-ல் 81-ஆம் இடம், 2024-ல் 39. ஏறியிருக்கிறோம்!

தமிழ்நாடு?

மாநிலங்களின் புதுமைத் திறனை அளந்து நிதி ஆயோக் 2019-ல் வெளியிட்ட முதல் பட்டியலில், பெரிய மாநிலங்களில் இரண்டாமிடம். அடுத்ததில் மூன்று. 2022-ல் வந்த மூன்றாவது பட்டியலில் முதல் மூன்றிலேயே இல்லை. மூன்று முறையும் முதலிடம் கர்நாடகம். பக்கத்து வீட்டில் கேட்டுப் படிப்பதில் என்ன கூச்சம்?

சென்னைக்குப் போனால்தானே சார் புதுமை?

தென்காசிக்கு பஸ் ஏறி, அங்கிருந்து மத்தளம்பாறைக்குப் போங்கள். 2011 முதல் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் அங்கே இயங்குகிறது. உலகெங்கும் விற்கும் ‘ஜோஹோ டெஸ்க்’ என்ற வாடிக்கையாளர் சேவை மென்பொருள் அங்கே உருவானதுதான்.

எங்கள் ஊருக்கு எத்தனையாவது இடம்?

வருமானச் சான்றிதழுக்கு உங்கள் ஊர்ப் பாட்டி இ-சேவை மையத்துக்கு எத்தனை தடவை நடக்கிறார்? ஒரே தடவை என்றால் முதலிடம். இந்தக் கணக்கை ஒவ்வொரு ஊரிலும் எடுத்து, அரசே ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.