ஈர விறகு மாப்பிள்ளை

வாங்க மாப்பிள்ளை. பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கிறப்ப, இன்னிக்கு அறுத்த ரப்பர் கட்டையை இன்னிக்கே லாரியில ஏத்திக்கிட்டு வந்திருக்கீங்க. என்ன சுறுசுறுப்பு! பானை பொங்குதோ இல்லையோ, அத்தை கண்ணு பொங்கிரும்.

அந்தக் காலத்துல 25, 30 வருஷம் பால் குடுத்த மரத்தை மறுநடவுக்குச் சாய்ச்சா, தோட்டத்து லயத்து வீட்டு அடுப்புக்கெல்லாம் அதுதான் விறகு. இப்ப நம்ம ஊரு சுங்கை காடுட் பக்கம் தொழிற்பேட்டையும் வீடமைப்புத் தாமானுமா ஆயிருச்சு. மிச்சத் தோட்டத்துல செம்பனை. அந்தத் தண்டு விறகுக்கு ஆகாது. ரப்பர் மரமோ நாற்காலியா மாறிக் கப்பல் ஏறுது. அதனால கட்டை கிடைச்சதே பெருசுதான், ஒத்துக்கிறேன்.

ஆனா பச்சைக் கட்டை 10 கிலோன்னா, அதுல ஏறக்குறைய 4 கிலோ தண்ணி. அதுக்கும் சேர்த்துத்தான் காசு குடுத்திருக்கீங்க, வித்தவர் கெட்டிக்காரர். அடுப்பு முதல்ல அந்தத் தண்ணியைக் கொதிக்க வைக்கும், அப்புறம்தான் உங்க அரிசியைக் கவனிக்கும். புகைவீட்டுல தொங்குற ரப்பர் ஷீட்டுக்குப் புகை பிடிக்கும், மாமியாருக்குப் பிடிக்காது.

கைப்பேசியில வெள்ளைக்காரன் பர்ச் விறகு அடுக்குறதைப் பார்த்தேன்னீங்க. பர்ச் மரத்துக்குத் தண்ணி லேசுல ஊடுருவாத பட்டை. முழுக்கட்டையா விட்டா உள்ளேயே ஈரம் நின்னு உளுத்துரும். அதான் அவன் வெட்டுன கையோட பிளந்து அடுக்குறான். அந்த இடத்தை மட்டும் தள்ளி விட்டுட்டீங்க போல.

நம்ம ரப்பர் கட்டையில மாவுச்சத்தும் சர்க்கரையும் ஜாஸ்தி. சும்மா போட்டா சில நாள்லயே நீலம் பூத்துரும். பின்னாலயே வண்டு வந்து மாவா உதிர்த்துரும். மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளங்க. தரையில போட்டா கரையான் விருந்துக்கு வந்துரும். செங்கல்லு மேல அடுக்குங்க. தலைக்குத் தகரம், பக்கத்துக்குக் காத்து. தார்ப்பாயைச் சுத்திக் கட்டுனா அது காய வைக்கிறதில்ல, இட்டலி அவிக்கிறது. நாலஞ்சு மாசம் போகட்டும். ரெண்டு துண்டைத் தட்டிப் பாருங்க: 'டங்'குன்னா காஞ்சிருக்கு, 'தொப்'புன்னா இன்னும் பொறுக்கணும்.

மரத் தொழிற்சாலைத் துண்டு சும்மா கிடைக்குதேன்னு நாக்கைத் தொங்கப் போடாதீங்க. வண்டு அரிக்காம இருக்க மருந்து ஏத்துன கட்டை, பசை, வார்னிஷ் எல்லாம் சோத்துப் பானைக்கு ஆகாது. உறைஞ்சு காஞ்ச ஒட்டுப்பாலை வச்சுக் கொளுத்தலாம்னா, பத்தும்; அந்தக் கரும்புகையைப் பார்த்துத் தீயணைப்பு வண்டியும் பொங்கல் சாப்பிட வந்துரும்.

இந்த வருஷம் கேஸ் அடுப்புல பொங்குங்க, சூரியன் கோவிச்சுக்க மாட்டாரு. அடுத்த பொங்கலுக்கு விறகு வேணும்னா ஜூன் மாசமே வாங்க. கோடாலி நான் தர்றேன், பிளக்கிறது நீங்க.