களி இல்லாத ராத்திரி

பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊரில், எண்பதுகளில், எம்.ஜி.ஆரா சிவாஜியா என்ற சண்டையெல்லாம் பிள்ளைகளுக்குத்தான். அம்மாவுக்குச் சினிமா என்றால் களி கிண்ட வேண்டாத ராத்திரி.

களி கிண்டுவது லேசான வேலை இல்லை. நொய்யை வேகவிட்டு, கேழ்வரகு மாவைக் கொட்டி, பக்குவம் பார்த்துப் பானையை இறக்கி, பாதங்களால் அணைத்துக்கொண்டு கட்டி தட்டாமல் துடுப்புப் போட வேண்டும். அதுவும், பகலெல்லாம் காட்டில் களை வெட்டிய தோளோடு. எல்லோருக்கும் உருண்டை போட்டுவிட்டு அவள் உட்காரும்போது கீரைக் கடைசல் சட்டி வழித்திருக்கும்.

கொட்டகை ஒலிபெருக்கியில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு கேட்டால் நடையை எட்டிப் போடுவோம். டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். தரையெல்லாம் மணல். ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் ஒரு குட்டைச் சுவர் பிரிக்கும். நான் சின்னப் பையன், அம்மா பக்கம். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் தீரும்போதெல்லாம் படம் நிற்கும். ஆண்கள் பக்கம் விசில் பறக்கும். அம்மாவோ காலை நீட்டிக்கொண்டு பக்கத்து ஊர்ப் பெண்களோடு பேச்சில் இறங்கிவிடுவாள். அவள் காலை நீட்டி உட்கார்ந்து நான் பார்த்தது அங்கேதான். படம் விட்டதும் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் தோசை. வீட்டில் அது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும்.

ரேஷன் அரிசி 2008-இல் கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011 ஜூனிலிருந்து விலையே இல்லை. களிப்பானை பரணுக்குப் போனது. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. மண்வாசனை, பாரம்பரியம் என்று ஏங்குகிறவர்கள் துடுப்புப் பிடித்த பெண்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏங்கட்டும். பிறகு 2023, உலகச் சிறுதானிய ஆண்டு. அந்த மே மாதம் தர்மபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு தரத் தொடங்கினார்கள்.

சமீபத்தில் அம்மாவைத் தர்மபுரிக்குப் படம் பார்க்கக் கூட்டிப்போனேன். ரீல் இல்லை, நிற்பதும் இல்லை, ஒரே இடைவேளை. பக்கத்து நாற்காலிக்காரி யார் என்றுகூட அம்மாவுக்குத் தெரியவில்லை. சாப்பிடப் போன இடத்தில் பலகையின் முதல் வரியே ராகி களி, நாட்டுக்கோழிக் குழம்பு. பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் உருண்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“எனக்குத் தோசை சொல்லு கண்ணு.”

நான் களி வாங்கினேன். அம்மா ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டாள்.

“நல்லாத்தான் கிண்டியிருக்கா. யாருப்பா அது?”

“பென்னாகரத்து அக்காம்மா. மத்தியானத்துல இருந்து அவங்கதான்.”

“எத்தன பானை?”

பரிமாறிய பையன் எண்ணிப் பார்த்ததில்லை போல, சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை.

“அவ சாப்பிட்டாளான்னு கேட்டுட்டு வா. இல்லேன்னா எனக்குச் சொன்ன தோசையை அவளுக்கு முதல்ல குடு.”

பையன் என்னைப் பார்த்தான். கொடுக்கச் சொன்னேன்.