ஒன்பதடிப் பலகை

2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அந்தப் போட்டியின் தனிநபர் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. செய்தியைப் படித்தவர்கள் எல்லாரும் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்கள். நான் புரட்டவில்லை. எனக்கு 52 வயது. டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். நாகேஸ்வரராவ் பூங்காவில் நடந்தால் யாருக்குச் சர்க்கரை எவ்வளவு என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. கடலில் சர்க்கரைப் பேச்சு இருக்காது. அங்கே எல்லாம் உப்புதான்.

கோவலத்தில் போய் அலைச்சறுக்கு கற்கச் சேர்ந்தேன். மூர்த்தி மேகவன் என்ற மீனவர் 2012-ல் அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கிய ஊர். அங்கே எட்டு வயதுப் பையன்கள் அலைமேல் நின்றபடி நம்மைப் பார்த்துக் கையசைப்பார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு நீளமான பலகைதான் தருவார்கள். நீளம் கூடினால் மிதப்பு கூடும், ஆட்டம் குறையும். மூன்றாம் நாள் நான் நான்கு விநாடி நின்றேன். ஐந்தாவது விநாடியில் கடலுக்குள் இருந்தாலும், அந்த நான்கு விநாடி மப்பில் ஒன்பதடிப் பலகை ஒன்றைச் சொந்தமாகவே வாங்கிவிட்டேன்.

பார்சல் லாரியில் அது மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. லிஃப்ட்டுக்குள் போகவில்லை. மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறினோம். எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிறவர் அதைச் சுற்றிவந்து தடவிப் பார்த்தார். "நாலு முழ வேட்டியை மடிக்காமலே போடலாம் சார்" என்றார். அதைப் பார்த்து மனசாரப் பாராட்டியவர் அவர் ஒருவர்தான்.

இதைக் கோவலத்துக்குக் கொண்டுபோவது எப்படி? பிக்கப் வண்டி வாங்க வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். நம் ஊரில் பிக்கப் என்றால் மஞ்சள் போர்டு, தக்காளிக் கூடை, மேலே உட்கார்ந்து வரும் இரண்டு பேர். ஆனால் வெள்ளை போர்டில் சொந்த உபயோகத்துக்கென்றே வரும் பிக்கப்பும் உண்டு. ஒன்று இசுஸு வி-கிராஸ். ஆந்திர எல்லையைத் தாண்டியதும் வரும் ஸ்ரீசிட்டியில் 2016 முதல் தயாராவது. கிட்டத்தட்ட நம்ம வீட்டுப் பிள்ளை. இன்னொன்று டொயோட்டா ஹைலக்ஸ். 2022-ல் இந்தியாவுக்கு வந்தது, அப்போது தொடக்க விலை 33.99 லட்சம். பாலைவனத்தில் ஓடும், மலையேறும், ஆற்றில் இறங்கும் என்றார்கள். எங்கள் மயிலாப்பூர்க் கச்சேரி ரோட்டில் ஓடுமா என்று யாரும் சொல்லவில்லை.

தையல் டேப்பை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். விற்பனைப் பையன் கதவைத் திறந்து தோல் இருக்கையைக் காட்டினான். நான் பின்னால் போய்த் தொட்டியை அளந்தேன். நீளம் சுமார் ஐந்தடி.

"தம்பி, என் பலகை ஒன்பதடி."

"மூலைக்கு மூலை வைக்கலாமே சார்."

வைத்தால் ஏழடி. இரண்டடி வெளியே நிற்கும்.

"பின்கதவைத் திறந்து போட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டிடலாம் சார்."

அது அந்தக் காலம். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய பிறகு, ஏற்றிய சரக்கு வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். அலைமேல் நான் நிற்பது நான்கு விநாடி. விநாடிக்கு ஐந்தாயிரம் கட்டுப்படியாகாது.

"அப்ப கூரைமேல கம்பி போட்டு மேலயே கட்டிடலாம் சார்."

இதை வீட்டில் வந்து சொன்னேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை. "கூரைமேல கட்டறதுக்கு நம்ம பழைய கார்லயே கூரை இருக்கே."

இரண்டு நாள் நான் யாருடனும் பேசவில்லை.

மூன்றாம் நாள் டேப் மறுபடி வெளியே வந்தது. இந்த முறை அளந்தது எங்கள் ஃப்ளாட்டின் கார் நிறுத்துமிடத்தை. விதிப்படி ஒரு காருக்கு 5 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம். இரண்டு வண்டிகளும் சுமார் 5.3 மீட்டர். ஒரு அடி மூக்கு வெளியே நிற்கும். "அந்த ஒரு அடி பொதுச் சொத்து" என்றார் சங்கச் செயலாளர். நீதிபதி தீர்ப்புச் சொல்வதுபோல இருந்தது. மேல்முறையீடு செய்யலாம் என்றால் தலைவர் அவருடைய மைத்துனர்.

திரும்புவது இன்னொரு சங்கடம். இந்த வண்டிகளின் திரும்பும் ஆரம் ஆறு மீட்டருக்கு மேல். ஒரே வீச்சில் யூ-டர்ன் எடுக்க நாற்பதடி காலி இடம் வேண்டும். மயிலாப்பூரில் நாற்பதடி காலி இடம் கபாலி கோயில் குளத்தில்தான் இருக்கிறது. பங்குனியில் மாடவீதி முனையில் தேர் திரும்புகிறதே என்று கேட்பீர்கள். தேருக்கு முட்டுக்கட்டை போட ஆள் இருக்கிறது, வடம் பிடிக்க ஊரே இருக்கிறது. எனக்குப் பின்னால் ஹாரன் அடிக்கும் ஷேர் ஆட்டோதான் இருக்கும்.

இதற்குள் செய்தி தி. நகருக்குப் போய்விட்டது. மாமா போன் பண்ணினார்.

"ஏண்டா, பெரிய வண்டி வாங்கப் போறியாமே? பின்னாடி தொட்டி இருக்காமே?"

"ஆமாம் மாமா. கடல்ல விளையாடற பலகைக்கு..."

"அது கிடக்கட்டும். நவராத்திரிக்கு நம்மாத்து இரும்புக் கொலுப்படியை அடையாறுல உன் சித்திகிட்ட சேர்க்கணும். மரப்பாச்சியை ஆட்டோல எடுத்துண்டு போயிடலாம், படியை எப்படிடா?"

மறுநாள் சித்தியே கூப்பிட்டாள். படி வருகிற வண்டியிலேயே திரும்பும்போது அவளுடைய பழைய பீரோவை மடிப்பாக்கத்தில் பெண்ணிடம் கொடுத்துவிட வேண்டுமாம். மடிப்பாக்கத்துப் பெண்ணுக்கு அந்த பீரோ வந்தால் கட்டிலை வெளியேற்ற வேண்டும். கட்டில் போக வேண்டிய இடம் மேடவாக்கம். வெள்ளை போர்டு, மஞ்சள் போர்டு வித்தியாசமெல்லாம் ஆர்.டி.ஓ. கண்ணுக்குத்தான் தெரியும், சொந்தக்காரர் கண்ணுக்குத் தெரியாது. மனைவி பால் கணக்கு எழுதும் காலண்டரில் எல்லாவற்றையும் குறித்துவைத்தாள். நான் முன்பணம்கூடக் கட்டாத வண்டி தை மாதம்வரை புக் ஆகியிருந்தது. அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடக் கோவலத்துக்கு மீதமில்லை.

வண்டி வாங்கும் ஆசையை விட்டு, அடுத்த ஞாயிறு விடியற்காலையில் ஸ்டாண்டில் போய் ஒரு குட்டி யானையைப் பிடித்தேன். 2005-ல் இந்தச் சின்னச் சரக்கு வண்டியை டாடா ஏஸ் என்று பெயர் வைத்து இறக்கினார்கள். வடக்கே சோட்டா ஹாத்தி என்றார்கள், நாம் குட்டி யானை என்றோம். கம்பெனி வைத்த பெயரை இப்போது ஆர்.சி. புத்தகத்தில்தான் பார்க்க முடியும். ஓட்டுநர் பலகையைப் பார்த்தார்.

"என்னா சார், பூஜை ரூம் கதவா?"

"கடல்ல நிக்கற பலகை."

"எதுக்கு சார் நிக்கணும்?"

பதில் தெரியாததால் ஏற்றச் சொன்னேன். அவர் டேப்பே எடுக்கவில்லை. குட்டி யானையின் பாடி ஏழடிக்குச் சற்று மேல் நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைய அகலம். மூலைக்கு மூலை எட்டேமுக்காலடி. அடிப்பக்கத்தை ஒரு மூலையில் முட்டுக்கொடுத்து, தலைப்பக்கத்தை மட்டும் தூக்கிச் சாய்த்துக் கயிறு போட்டார். ஒன்பதடி உள்ளே அடங்கிவிட்டது. பிதாகரஸ் இருந்திருந்தால் அவர் பக்கத்து சீட்டில் கிளீனராகச் சேர்ந்திருப்பார்.

போகவர 2,500 ரூபாய். ஈ.சி.ஆரில் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். 34 லட்சத்துக்கு 1,360 நடை. வாரம் ஒரு நடை என்றால் 26 வருடம். பணம் தீரும்போது எனக்கு 78 வயது. என் தேர்ச்சியைப் பார்த்தால் அலைமேல் ஒழுங்காக நிற்க அதற்குள் கற்றுக்கொண்டுவிடலாம்.

கோவலத்தில் பலகையை இறக்கியதும் ஒரு பையன் ஓடிவந்தான். "போர்டு இங்கேயே வாடகைக்குக் கிடைக்குமே அங்கிள், எதுக்கு யானை வெச்சுத் தூக்கிட்டு வர்றீங்க?"

ஓட்டுநர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

பலகை இப்போது கோவலத்திலேயே ஒரு கொட்டகையில் இருக்கிறது. நான் ஞாயிறு காலை ஒரு துண்டோடு பஸ்ஸில் போய் வருகிறேன். ஏழு விநாடி வந்திருக்கிறேன். மாமாவின் இரும்புப் படி, சித்தியின் பீரோ, மடிப்பாக்கத்துக் கட்டில் மூன்றும் நவராத்திரிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டன. குட்டி யானை ஓட்டுநரின் போன் நம்பரை நான்தான் கொடுத்தேன்.