மூச்சை மட்டும் அடக்காதே, மாப்பிள்ளை

பாங்காக்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். உன் அக்கா அதைவிட நலம். காரணம் கடிதத்தின் பின்பாதியில் வரும்.

சித்திரை லீவுக்கு எங்கே போனீர்கள் என்று கேட்டிருந்தாய். நமக்குப் புத்தாண்டு பிறக்கிற அதே சமயத்தில்தான் தாய்லாந்துக்காரர்களுக்கும் பிறக்கிறது. சோங்கிரான் என்று பெயர். வேட்டி சட்டையோடு கோயிலுக்குக் கிளம்பினாலும் விடமாட்டார்கள். தெருமுனையில் நின்று பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் அடிப்பார்கள். எப்படியும் நனையத்தான் போகிறோம், அதை முறைப்படி நனைவோமே என்றாள் உன் அக்கா. கோ தாவோ தீவுக்குப் போய் ஸ்கூபா டைவிங் படித்தது அப்படித்தான்.

ராத்திரி ரயிலில் சும்போன், அங்கிருந்து படகு. தீவு மொத்தமே 21 சதுர கிலோமீட்டர். ஒரு காலத்தில் அரசியல் கைதிகளைக் கொண்டுபோய்த் தள்ளிய இடம். இன்றைக்கு ஜனங்கள் சொந்தக் காசில் போய்க் கிடக்கிறார்கள். உலகத்திலேயே அதிகம் பேர் கடலுக்குள் மூச்சுவிடப் படித்து சர்டிபிகேட் வாங்குகிற ஊர்களில் அதுவும் ஒன்று. சைரி கடற்கரையில் தடுக்கி விழுந்தால் ஏதாவதொரு டைவிங் பள்ளியின் வாசலில்தான் விழவேண்டும்.

முதலில் கடல் கிடையாது, காகிதம்தான். ஆஸ்துமா உண்டா, இதயம் எப்படி, காதில் ஆபரேஷன் நடந்ததா என்று ஒரு படிவம். எது நடந்தாலும் பள்ளி பொறுப்பில்லை என்று இன்னொரு படிவம். நான் கையெழுத்துப் போடும்போது உன் அக்கா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். என் எல்.ஐ.சி. பாலிசிக்கு நாமினி அவள்தான் என்பது அந்த நேரம் பார்த்தா ஞாபகத்துக்கு வர வேண்டும்?

முத்துக் குளிக்கும் சிலாபத்துக்குப் போன எங்கள் தாத்தா சொல்வாரே, நீயும் கேட்டிருப்பாய்: முக்குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிக்க மச்சினனைத்தான் தோணியில் உட்கார வைப்பார்கள். அண்ணன் தம்பி கைவிட்டால் சொத்தில் பங்கு கூடும். மச்சினன் கைவிட்டால் அவன் அக்கா தாலி போகும். கணக்குத் தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு. கோ தாவோவில் உனக்கு வேலையில்லை, மாப்பிள்ளை. அங்கே ஜோடி ஜோடியாக இறங்க வேண்டும். ஒருவருக்குக் காற்று தீர்ந்தால் மற்றவர் சிலிண்டரிலிருந்து உறிஞ்சிக்கொள்ள வேண்டும். அதற்கென்றே ஒவ்வொருவரிடமும் உபரியாக ஒரு மஞ்சள் குழாய். என் ஜோடி உன் அக்கா. அன்றைக்கு நான் அவளுக்கு மஞ்சள் கயிறு கட்டினேன். இன்றைக்கு அவளிடம் எனக்கான மஞ்சள் குழாய். முறைதான்.

வாத்தியாரம்மா ஸ்வீடன் தேசத்துப் பெண், வெயிலில் மூக்கு உரிந்துபோனவள். முதல் பாடமே, மூச்சை அடக்கக் கூடாது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தூத்துக்குடியில் பரம்பரை பரம்பரையாக மூச்சை அடக்கித்தானே சோறு சாப்பிட்டோம்? அப்புறம் விளக்கினாள். தாத்தா மேலே இழுத்த மூச்சோடு கீழே போனார். பத்து மீட்டரில் அது பாதியாகச் சுருங்கும், மேலே வரும்போது பழைய அளவுக்கு விரியும். வரவும் செலவும் சரி. நாங்களோ பத்து மீட்டர் ஆழத்தில் இருந்துகொண்டு நெஞ்சு நிறைய வாங்குகிறோம். அதை அடக்கியபடி மேலே வந்தால் இரண்டு மடங்காகிவிடும். நுரையீரலில் அவ்வளவு இடம் ஏது? பதினொன்றாம் வகுப்பில் பாயில் விதியைப் பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்தவன் நான். அது என் விலா எலும்புக்குள்ளேயே வந்து உட்காரும் என்று யார் கண்டது?

அடுத்த பாடம் நைட்ரஜன். ஆழத்தில் நேரம் ஆக ஆக அது ரத்தத்திலும் தசையிலும் கரைந்து ஏறிக்கொண்டே இருக்குமாம். விறுவிறுவென்று மேலே வந்தால், கோலி சோடாவை உடைத்த மாதிரி உடம்புக்குள் குமிழி கிளம்பும். அதனால் மெதுவாக ஏறி, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் சும்மா நின்றுவிட்டுத்தான் தலையை வெளியே நீட்ட வேண்டும். இதைப் படிக்கும்போது நம் தூத்துக்குடித் திரேஸ்புரம் நினைப்பு வந்தது. கம்ப்ரசர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு சங்குக்கு இறங்குகிறவர்கள் மூட்டெல்லாம் வலிக்கிறது, கால் மரத்துப் போகிறது என்பார்களே, அது இந்தக் குமிழிதான். லீவுக்கு வந்தவனுக்குப் படம் போட்டுக் காட்டிச் சொல்லித் தருகிறார்கள். வயிற்றுப்பாட்டுக்கு இறங்குகிறவன் வலி வந்த பிறகு தெரிந்துகொள்கிறான். இந்த ஒரு விஷயத்தில் எனக்குத் தமாஷ் வரவில்லை.

சரி, கடலுக்கு வருவோம். தாத்தாவுக்குக் கல் கட்டினார்கள், எனக்கு இடுப்பில் ஈயம். இறங்க இறங்கக் காது அடைக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு காற்றை ஊதினால் பொட்டென்று திறக்கும். கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் மூக்கால் சீற வேண்டும், வெளியே போய்விடும். வேண்டுமென்றே தண்ணீரை உள்ளே விட்டுப் பழக்குகிறார்கள். என்னைவிட முன்னதாக உன் அக்கா தேறிவிட்டாள். மூழ்காமலும் மிதக்காமலும் அந்தரத்தில் நிற்பதுதான் இந்த வித்தையின் உச்சம். நான் தரைக்கும் வானத்துக்கும் போய்வந்து கொண்டிருந்தபோது அவள் கையைக் கட்டிக்கொண்டு நடுக்கடலில் நின்றபடி என்னைப் பார்த்தாள். அதற்குச் சைகை எதுவும் தேவைப்படவில்லை.

சைகை என்றதும் சொல்ல வேண்டும். கட்டைவிரலை உயர்த்தினால் அங்கே 'பிரமாதம்' இல்லை, 'மேலே போகலாம்' என்று அர்த்தம். எங்கள் குழுவில் ஒரு ஜெர்மன்காரர், அழகான மீனைப் பார்க்கும்போதெல்லாம் பரவசத்தில் கட்டைவிரலைத் தூக்க, அவருடைய ஜோடி அவரை மேலே தள்ளிக்கொண்டு போனபடியே இருந்தார். பாவம், மேகத்தைத்தான் அதிகம் பார்த்தார்.

உன் அக்கா இதற்கென்றே பாங்காக்கில் சிவப்பு நிறத்தில் நீச்சல் சட்டை வாங்கியிருந்தாள். தண்ணீர் முதலில் விழுங்குகிற நிறம் சிவப்பு. பதினைந்து மீட்டரில் அது பழைய சாக்கு நிறத்துக்கு வந்துவிட்டது. விலை மட்டும் மாறவில்லை.

மீனுக்குக் குறைவில்லை. ஊளி மீன் கூட்டம் கூட்டமாகச் சுற்றுகிறது. பாறையிடுக்கில் அஞ்சாலை வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. தடித்த களவா ஒன்று பக்கத்தில் வந்து நின்றபோது உன் அக்கா என்னைத் தட்டினாள். குழம்பைப் பற்றித்தான் சொல்ல வந்தாள். அதற்குச் சைகை இல்லை. மோசமான ஆள் கிளாத்தி. அந்தப் பக்கத்துப் பெரிய கிளாத்தி முட்டையிட்டிருந்தால், கூட்டுக்கு நேர் மேலே நீர்மட்டம் வரைக்கும் தன் பட்டா நிலம் என்று நினைத்துக்கொள்ளும். மேலே தப்பிக்கப் போனால் துரத்திக்கொண்டு வரும். பக்கவாட்டில்தான் நழுவ வேண்டும். ஜெர்மன்காரரின் கால்துடுப்பில் பல் தடம் இருக்கிறது.

நம் சிலாபத்தில் சுறா வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டிக்குப் பங்கு கொடுத்தார்கள். இங்கே தீவுக்குப் பக்கத்தில் சும்போன் பாறை என்கிற இடத்தில் ஜனங்கள் சுறா வராதா என்று காசு கட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள். திமிங்கிலச் சுறா, கடித்துத் தின்னாத சாது. எங்களுக்குத் தரிசனம் கிடைக்கவில்லை.

எங்கள் சர்டிபிகேட்டுக்கு 18 மீட்டர்தான் எல்லை. 2011-இல் தாய்லாந்துக் கடற்படை சட்டகுட் என்கிற பழைய போர்க்கப்பலைத் தீவுக்குப் பக்கத்தில் மூழ்கடித்திருக்கிறது. அதன் அடிப்பாகம் கிடப்பது 30 மீட்டர் வாக்கில். அடுத்த கோர்ஸின் எல்லையும் 30 மீட்டர். பாடத்திட்டம் பார்த்துத்தான் மூழ்கடித்தார்களோ என்னவோ! உன் அக்கா அதற்கும் பணம் கட்டப் போகிறாளாம்.

நீ வருவதானால் முதலில் காதை டாக்டரிடம் காட்டிவிட்டு வா. சளி பிடித்திருந்தால் இறங்க விடமாட்டார்கள். டைவ் முடித்து 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது, திரும்பும் டிக்கெட்டை அதற்குத் தகுந்தபடி போடு. அத்தையிடம் மட்டும், இருவரும் கரையில் கால் நனைத்தோம் என்று சொல்லி முடித்துக்கொள்.

அன்புடன்,
உன் அத்தான்