மீஞ்சூரும் 64 ஜிபியும்: கோப்புப் போக்குவரத்து குறித்த ஓர் ஆய்வு

வடகாஞ்சி என்று பெயர்பெற்ற மீஞ்சூர், வெளியூருக்கு அனுப்பிக் கொடுத்தே பழகிய வட்டாரம். பக்கத்துக் காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கப்பட்ட கடல்நீர் ஆலை, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீரைச் சென்னைக்குத் தருவதற்காகக் கட்டப்பட்டது. வல்லூர் அனல்மின் நிலையத்தின் திறன் 1,500 மெகாவாட். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குக் கன்டெய்னர் லாரிகள் இராப்பகலாக ஓடுகின்றன. இத்தனையும் நடக்கிற இடத்தில், ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் கல்யாண வீடியோ அம்பத்தூரில் இருக்கும் சர்வருக்குப் போய்ச் சேர ஏன் இத்தனை பாடு? அறிஞர் உலகம் இக்கேள்வியை இதுவரை சீண்டாதது வியப்பே.

முதலில் வரலாறு. ஆய்வுக் கட்டுரை என்றால் வரலாறு இருந்தாக வேண்டும். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல் அனுப்பும் எஃப்டிபி முறையை 1971 ஏப்ரலில் முதன்முதலில் எழுதி வைத்தவர் அபய் பூஷண். அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐஐடியில் படித்து, அமெரிக்காவின் எம்ஐடிக்குப் போனவர். முறை நல்ல முறைதான். ஆனால் அதில் பாஸ்வேர்டு எந்தப் பூட்டும் இல்லாமல் அப்படியே கம்பியில் போகும். திருவொற்றியூரில் ரயில் ஏறியவர், பீரோ சாவி எந்த டப்பாவில் இருக்கிறது என்று எண்ணூர் வரை போனில் உரக்கச் சொல்லிக்கொண்டு வருவதற்கு ஒப்பானது இது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ ஒளிந்திருந்து பாஸ்வேர்டுகளை அள்ளிய பிறகு, அங்கிருந்த தாத்து யூலோனென் 1995இல் எஸ்எஸ்ஹெச் என்ற பூட்டைச் செய்தார். இன்று சர்வருக்கு ஃபைல் அனுப்புபவர்களில் விவரமானவர்கள் அந்த வழியாகத்தான் போகிறார்கள். மற்றவர்களைப் பற்றி இக்கட்டுரை மௌனம் காக்கிறது.

இனி கணக்கு. வீட்டு இணைப்பில் அனுப்பும் வேகம் நொடிக்கு 40 மெகாபிட் என்று கொள்வோம். ஃபைல் பைட்டில் இருக்கிறது, வேகம் பிட்டில் இருக்கிறது. ஆகவே எட்டால் வகுக்க வேண்டும் (விளம்பரங்களில் இந்த வகுத்தல் வருவதில்லை). கல்யாண வீடியோ 64 ஜிபி என்றால், அது போய்ச் சேர மூன்றரை மணி நேரம். அதே 64 ஜிபியை ஒரு பென் டிரைவில் போட்டு, சட்டைப்பையில் வைத்து, மீஞ்சூரில் மின்சார ரயில் ஏறினால், நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு, எண்ணூர், கொருக்குப்பேட்டை என்று நின்று நின்று போனாலும் ஒரு மணி நேரத்தில் சென்ட்ரல் என்று வைத்துக்கொள்ளலாம். நொடிக்கு 142 மெகாபிட்! தொங்கிக்கொண்டு போனாலும் இதே வேகம்தான். உட்கார இடம் கிடைப்பது இக்கணக்கைப் பாதிப்பதில்லை.

நெட் கட்சியார் ஒரு வாதம் வைப்பார்கள். 97 சதவீதத்தில் கரண்ட் போனாலும் கவலை இல்லை, 1996இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கரஸும் வெளியிட்ட ஆர்சிங்க் இருக்கிறது. இரு பக்கமும் ஒப்பிட்டுப் பார்த்து, விட்டுப்போன துண்டுகளை மட்டும் அனுப்பும் என்பார்கள். உண்மை. ரயிலில் விட்டுப்போன பென் டிரைவுக்கு அப்படியொரு வசதி கிடையாது.

ஆயினும் வடசென்னையின் மெய்யான கோப்பு வாகனம் ரயிலும் அல்ல, கம்பியும் அல்ல. புறா.

இது கற்பனை அன்று. 1990 ஏப்ரல் 1 அன்று டேவிட் வெய்ட்ஸ்மன், இணையத் தகவலைப் புறாக் காலில் சுற்றி அனுப்பும் விதிமுறையை முறைப்படி வெளியிட்டார். தேதியைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. நார்வேயின் பெர்கன் நகரத்து லினக்ஸ் அன்பர்கள் 2001இல் அதைச் செய்தே பார்த்தார்கள். அனுப்பியவை ஒன்பது, பதில் வந்தவை நான்கு. அவற்றில் மிக வேகமானதற்கே 50 நிமிடத்துக்கு மேல். 2009இல் தென்னாப்பிரிக்காவில் வின்ஸ்டன் என்ற புறா 4 ஜிபி கார்டைச் சுமந்து பறந்தது. கார்டில் இருந்ததைக் கம்ப்யூட்டரில் இறக்கும் நேரம் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். அதற்குள் பிராட்பேண்ட் அனுப்பி முடித்தது 4 சதவீதம்.

இவர்களுக்கெல்லாம் முன்பிருந்தே ராயபுரம், வியாசர்பாடி மொட்டை மாடிகளில் பந்தயப் புறா வளர்ப்பு இருக்கிறது. ஹோமர் புறாக்களைக் கூடையில் ஏற்றி நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா என்று வடக்கே கொண்டுபோய்த் திறந்துவிடுவார்கள். அவை கூடு தேடி வரும். நெல்லூருக்கும் ராயபுரத்துக்கும் நேர்கோடு போட்டால் அது மீஞ்சூரை ஒட்டியே செல்கிறது. புறாக்கள் நேர்கோட்டை மதிக்கின்றனவா என்று அவற்றிடம் விசாரிக்க இயலவில்லை. பந்தயத்துக்கு முன் காலில் மாட்டும் ரப்பர் வளையத்தில் ஓர் எண் இருக்கும். வந்திறங்கியதும் அதைக் கழற்றிச் சரிபார்ப்பார்கள். வந்து சேர்ந்த ஃபைல் அசல்தானா என்று கம்ப்யூட்டர் எண் போட்டுப் பார்ப்பதும் இதே வேலைதான். இடையில் பைரி அடித்துக்கொண்டு போனால் அது தகவல் இழப்பு. மறுபடி அனுப்ப வேறு புறா வேண்டும்.

ஒரு டிபி மைக்ரோ எஸ்டி கார்டின் எடை ஒரு கிராம்கூட இல்லை. நெல்லூரிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் புறா வந்துவிட்டால் நொடிக்கு ஏறத்தாழ 890 மெகாபிட். கார்டில் ஏற்றி இறக்கும் நேரத்தை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. சேர்த்தால் புறாவின் மதிப்பு குறைகிறது.

ஒரே இடர்ப்பாடு: ஹோமர் தன் வீட்டுக்கு மட்டுமே பறக்கும். மீஞ்சூரிலிருந்து அம்பத்தூருக்கு ஃபைல் போக வேண்டுமானால், அம்பத்தூர் சர்வர் இருக்கும் கட்டடத்து மாடியில் புறா வளர்க்க வேண்டும். அதைக் கூடையில் வைத்து ஓர் ஆள் மீஞ்சூருக்குக் கொண்டுவர வேண்டும். அந்த ஆள் ஊர் திரும்பும்போது கார்டைத் தன் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டு போகலாமே என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். அவ்வாட்சேபம் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.