அனுமாருக்கு வந்த அதே சிக்கல்

கேள்வி: மருந்துவாழ்மலையில் மூலிகை பறித்து, வீட்டிலேயே தோலுக்குக் களிம்பு செய்யலாமா? (வாசகி, சுசீந்திரம்)

பதில்: அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது விழுந்த துண்டுதான் அது என்பார்கள். மூலிகை அடையாளம் தெரியாததால்தான் மலையையே தூக்கினார். உங்களை வனத்துறை அப்படி விடாது. அதனால், வீட்டுப்பக்கம் தோலுக்கு உதவும் வெட்பாலை மரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிள்ளினால் பால் வரும். காய்கள் ஜோடியாக, நுனி ஒட்டியபடி தொங்கும். பால் வருகிறதே என்று எருக்கையும் அரளியையும் பறித்துவிடாதீர்கள், அவை நஞ்சு!

வெட்பாலை இலையை ஈரமில்லாமல் துடைத்து, கிழித்து, தேங்காயெண்ணெயில் மூழ்கவிட்டு வெயிலில் வையுங்கள். சில நாளில் எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படைக்கு (சோரியாசிஸ்) தருவது இந்தத் தைலத்தைத்தான். வடிகட்டி, 4 பங்கு எண்ணெய்க்கு 1 பங்கு தேன்மெழுகு சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி ஆறவிட்டால் களிம்பு. மெழுகுக்கு மார்த்தாண்டம் தேனீக்காரர்கள் இருக்கிறார்கள். சொட்டுத் தண்ணீர் பட்டாலும் பூஞ்சை பிடிக்கும். புண், சீழ் என்றால் டாக்டரிடம் போங்கள். முதல் சோதனைக்கு உங்கள் முழங்கையின் உட்புறம் போதும். வீட்டுக்காரர் முகம் வேண்டாம்.