ஓடாதார் இயல்: பாதி வாழைப்பழம் முதலிய பொருள்கள் குறித்து ஒரு விசாரணை

ஓடுகிறவருடைய மூச்சு, நாடித்துடிப்பு, காலணியின் அடிப்பாகம் ஆகியவற்றைக் குறித்துச் சாஸ்திரங்கள் பெருகிவிட்ட இக்காலத்தில், அவருக்குப் பாதையோரத்தில் நின்று காகிதக் குவளையில் தண்ணீர் நீட்டுகிற மனிதரைக் குறித்து அறிஞர்கள் மௌனம் சாதிப்பது கல்வியுலகத்துக்குக் கௌரவம் தரும் விஷயமன்று. அக்குறையை இயன்ற அளவு நீக்கவே இவ்விசாரணை எழுந்தது.

ஆராய்ச்சிக்கு நடுநிலை முக்கியமாதலால், ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர்பெறாத கோபிநத்தத்தை நமது ஆசனமாகக் கொண்டோம். 1997 வரை மைசூர் ஜில்லாவையும் அதன்பின் சாமராஜநகர் ஜில்லாவையும் சேர்ந்ததாய், கன்னட ராஜ்யத்தின் விளிம்பில் தமிழ் பேசிக்கொண்டிருக்கும் இவ்வூர்க் காட்டுச் சாலையில் விடியற்காலை நடமாடும் உரிமை யானைகளுக்கே முதலில் உண்டு. திருப்பத்தில் கொடி பிடித்து நிற்க எந்தத் தொண்டரும் எளிதில் இசையமாட்டார். இவ்வூர் பெயர்பெற்றதெல்லாம், இங்கே பிறந்த வீரப்பனை இரண்டு ராஜ்யத்துப் போலீஸாரும் பல வருஷங்கள் துரத்திய துரத்தலால்தான். அது 2004 அக்டோபர் 18ஆம் தேதி பாப்பாரப்பட்டிக்கு அருகில் முடிந்தது. அதே மாதம் 2ஆம் தேதி, லண்டன் நகரத்துப் புஷி பார்க்கில், பால் சின்டன்-ஹியூவிட் என்பவர் பதின்மூன்று பேரை ஐந்து கிலோமீட்டர் ஓடவிட்டு, இன்று பல தேசங்களில் வாரந்தோறும் நடக்கும் ‘பார்க்ரன்’ ஓட்டத்தைத் தொடங்கிவைத்தார். இவ்விரண்டுக்கும் காரிய காரண சம்பந்தம் உண்டென்று சாதிப்பவன் மூடன். ஆனால் இல்லையென்று சும்மா விட்டுவிட மனம் வராதவனே ஆராய்ச்சியாளன்.

நமக்கு வேண்டிய பிரமாணம் வேறொன்று. சின்டன்-ஹியூவிட் அன்று ஓடவில்லை. காயம்பட்டு ஓட முடியாமல் இருந்தார். ஓட முடியாதவரே ஓட்டத்தை உண்டாக்கினார் என்பது இவ்வியலின் முதற் சூத்திரம்.

தமிழகத்தில் இதற்கு உதாரணம் தேடுவோர், 2006இல் தோன்றிய ‘சென்னை ரன்னர்ஸ்’ போன்ற கழகங்களின் பின்புறத்தைப் பார்க்கவேண்டும். முன்புறத்தைப் புகைப்படக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான்கு மணிக்கு ஓட்டம் என்றால் இரண்டு மணிக்கே மேஜை விரித்துக் கேன் இறக்குகிறவர்கள் அங்கே உண்டு. முதல் நாள் ‘பிப்’ என்று வழங்கும் எண் தாளை விநியோகிக்கும் கூடத்தில், மூலைக்கொன்றாக ஆளுக்கு நான்கு ஊக்கு வீதம், ஆயிரம் பேருக்கு நாலாயிரம் ஊக்கு என்பது குழந்தையும் போடும் கணக்கு. நடைமுறையில் அது போதாது, ஏனெனில் பத்தில் ஒருவராவது, “வீட்டில் புடவைக்கு ஆகும், இன்னும் ரெண்டு கொடுங்க” என்று கேட்காமல் போவதில்லை.

இனி மையப் பொருளுக்கு வருவோம். உதவி என்பது எவ்வளவு? 1904ஆம் வருஷம் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் தாமஸ் ஹிக்ஸ் வழியில் தளர்ந்தபோது, கூட வந்த உபசாரிகள் அவர் கேட்ட தண்ணீரை மறுத்து, எட்டிக்கொட்டையின் விஷமாகிய ஸ்ட்ரிக்னினை முட்டையின் வெள்ளைக் கருவில் கலந்து புகட்டி, போதாததற்குப் பிராந்தியும் வார்த்து, குற்றுயிராக வெற்றி பெறச் செய்தார்கள். நான்கு வருஷங்களுக்குப் பின் லண்டனில், முதல் ஆளாக அரங்கத்துக்குள் வந்த டொராண்டோ பியெத்ரி திசை தவறி ஓடிப் பலமுறை விழ, அதிகாரிகள் மனம் பொறாமல் தூக்கி நிறுத்தி எல்லைக் கோட்டைக் கடக்க வைத்தார்கள். அமெரிக்கர் ஆட்சேபிக்கவே, தங்கப் பதக்கம் ஜானி ஹேய்ஸுக்குப் போயிற்று. அரசி அலெக்ஸாண்ட்ரா கிண்ணம் கொடுத்துப் பியெத்ரியை ஆற்றினார் என்பது உண்மையே; ஆயினும் அவருடைய தங்கத்தைத் தின்றது தூக்கிவிட்டவர்களின் அன்புதான். கொடியவனாய் இருப்பதைக் காட்டிலும் இரக்கமுள்ளவனாய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது தொண்டருக்குக் கடினமான பயிற்சி.

அந்த அனுபவங்கள் எல்லாம் வடிந்து தெளிந்த அளவே பாதி வாழைப்பழம் என்பது நமது அபிப்பிராயம். முழுப்பழம் தின்றால் வயிற்றைப் பிடிக்கிறது. பழமே இல்லாவிட்டால் காலைப் பிடிக்கிறது. மோரிஸ் பழத்தைத் தோலோடு குறுக்கே நறுக்கி நீட்டுவதே சரி என்பது ஒரு கட்சி. ஏலக்கி இயல்பிலேயே பாதி அளவு உள்ளதாதலால் கத்தி எதற்கு என்பது மற்றொரு கட்சி. முதற்கட்சிக்கு வலு அதிகம், ஏனெனில் நறுக்கிய பழம் அடுத்தவருக்கும் பாதி உண்டு என்பதை நினைவூட்டுகிறது. தண்ணீர் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டருக்கு ஓரிடம் என்பது சர்வதேச நியதி. குவளையையும் பாதியே நிரப்பவேண்டும். நிரம்பியது ஓடுகிறவர் பறிக்கும் வேகத்தில் கொடுத்தவர் சட்டையில் சேரும். “தண்ணி, தண்ணி” என்றும் “எலக்ட்ரால், எலக்ட்ரால்” என்றும் பிரித்துக் கூவுவது சங்கீதத்துக்காக அன்று: பிரிக்காவிட்டால், வெயிலில் வாடி வந்தவர் சர்க்கரை நீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மிச்ச தூரமெல்லாம் எறும்புகளின் பிரீதிக்குப் பாத்திரமாவார்.

“இன்னும் ரெண்டே கிலோமீட்டர்தான் சார்!” என்ற சொல், நாலரை கிலோமீட்டர் மிச்சமிருக்கும் இடத்தில் உற்பத்தியாவது. குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்க்கும் வள்ளுவர் இடம் தந்தார் என்று தொண்டர்கள் வாதிக்கலாம். கைக்கடிகாரமே தூரம் அளந்து சொல்லும் காலத்தை வள்ளுவர் கண்டதில்லை.

கடைசியாக, கடைசி ஆள். புஷி பார்க் வழிமுறையில், எல்லாருக்கும் பின்னால் வருவதையே உத்தியோகமாகக் கொண்ட தொண்டர் ஒருவர் உண்டு. அவர் இருக்கும்வரை ஓட வந்த எவரும் கடைசியாக வர இயலாது. தர்மத்தில் இதைவிட நுட்பமான ஏற்பாட்டை நாம் அறியோம். ஆனால் இதன் சிரமம் பெரிது. முன்னால் போகிறவர் நின்று காலணிக் கயிற்றைக் கட்டினால் இவரும் நிற்கவேண்டும். அவர் வெட்கப்படாமலிருக்க, அப்போதுதான் பார்ப்பதுபோல ஒரு புங்கமரத்தை ஆராயவேண்டும். இருவரும் வந்து சேரும்போது பொங்கல் அண்டா கழுவிக் கவிழ்த்திருக்கும். ஆகையால் கழகத்தார் விடிவதற்கு முன்பே இரண்டு பொட்டலங்களை, சட்னியைத் தனியே கட்டி, மருந்துப் பெட்டிக்குள் ஒளித்துவைப்பது உத்தமம். அந்தப் பெட்டியைத்தான் ஓட்டக்காரர்கள் அவ்வளவு சுலபமாகத் திறந்து பார்ப்பதில்லை.